போடாத சிலாப்

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு நகராண்மைக் கழகத்தின் புகார் கவுண்டரில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே வரிசையாக இருக்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. எந்த ஊர் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகும் தப்பைச் செய்தது நான். அதற்காக ஓர் ஊரின் பெயரை இழுக்க வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறிப் போவேன். அப்பா பொதுப்பணியில் தார் போடும் கேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய இரண்டு முழங்கால்களிலும் கொதிக்கும் தார் தெறித்த தழும்புகள் உண்டு. பள்ளிப் படிப்பு முடிந்து டைப்பிங் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி எனக்கு அரசாங்க மேசை ஒன்று கிடைத்தபோது, அப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என் மகள் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பதுதான் அவர் சொன்ன வாசகம்.

கவுண்டருக்கு வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு ஒரு மஞ்சள் கார்டில் எழுதுவது என் வேலை. சாலையில் குழி, தெருவிளக்கு எரியவில்லை, விளையாட்டு மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது, மரக்கிளை மின்கம்பியில் உரசுகிறது, லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. ஒரு நாளைக்கு இருபது கார்டாவது எழுதுவேன். எந்தத் தாமான் குடியிருப்பு, எந்தச் சந்து என்று எழுதி, அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான கேங்கின் எண்ணையும் மூலையில் குறித்துவிட்டால் கார்டு டெக்னீஷியன் மேசைக்குப் போய்விடும். அவர் காலையில் யார்டில் நின்று மண்டோர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுப்பார். மண்டோர் என்றால் கேங்கை நடத்துகிறவர். வேலை முடிந்ததும் மண்டோர் வந்து வாயால் சொல்வார். டெக்னீஷியன் கார்டை என்னிடம் திருப்பி அனுப்புவார். நான் அதில் "சியாப்" என்று முத்திரை அடித்து, பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்துகளைப் போடுவேன். சியாப் என்றால் வேலை முடிந்தது. அந்த முத்திரை விழுந்துவிட்டால் அந்தக் குழி கழகத்தைப் பொறுத்தவரை மூடியாகிவிட்டது.

யார்டு எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. லோரிகள், சல்லிக் குவியல், புல் வெட்டும் இயந்திரங்கள், நிழலில் வரிசையாக அடுக்கிய கான்கிரீட் சிலாப்புகள். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்களில் பலருக்கு அப்பாவைத் தெரியும். மூன்றாவது கேங்கின் மண்டோர் அப்பாவோடு தோட்டத்தில் ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தவர். எங்கள் வீட்டுக்குத் தீபாவளிக்கு வருவார், நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஆனால் ஆபீஸில் நான் அவரை மண்டோர் என்றுதான் சொல்வேன். அவர் தமிழில் ஏதாவது கேட்டால் மலாயில் பதில் சொல்வேன். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். ஆபீஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

எனக்கு யார்டுக்குப் போகவே பிடிக்காது. நான் அந்தப் பக்கம் தலை காட்டினால் போதும், நாலு பேர் ஒரே நேரத்தில் உரக்கக் கூப்பிடுவார்கள். "பாப்பா, அப்பா முட்டிவலி எப்படி இருக்கு? அம்மா கருவாடு வாங்கச் சொன்னாங்களா?" மேலே ஜன்னலில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி ஒருமுறை, இவர்களெல்லாம் உன் சொந்தக்காரர்களா என்று கேட்டாள். இல்லை, தெரிந்தவர்கள் என்றேன். அதற்குப் பிறகு யார்டில் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் பியூனை அனுப்பினேன்.

ஒரு திங்கட்கிழமை ஓர் அம்மா கவுண்டருக்கு முதன்முறை வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை. மத்தியானம் வேலை முடிந்து நேராக வந்திருந்தார், கையில் இன்னும் சோப்பு வாசம் இருந்தது. அவர் வீட்டுக்குப் பின்சந்தில் போகும் பெரிய லோங்காங்கின் மேல் ஒரு சிலாப் உடைந்து உள்ளே விழுந்துவிட்டதாம். அந்தச் சந்து வழியாகத்தான் எல்லாரும் பஸ்ஸுக்குப் போகிறார்களாம். இடுப்பளவு ஆழம், மழை பெய்தால் எது சந்து எது லோங்காங் என்றே தெரியாது என்றார். தமிழில், கொஞ்சம் சத்தமாக, கையால் ஆழத்தைக் காட்டிச் சொன்னார். நான் மலாயில் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் தமிழிலேயே பதில் சொன்னார். மூலையில் மூன்றாவது கேங் என்று குறித்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். யாரும் வரவில்லை என்றார். சந்தில் இருப்பவர்கள் ஒரு பழைய மெத்தைச் சட்டத்தைப் போட்டு மூடியிருந்தார்களாம், அதையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். வருவார்கள், பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அப்போது கழகத்தில் ஒரு குழப்பமான காலம். டெக்னீஷியன் ஷா ஆலமுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்குப் பதில் ஆள் வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை மண்டோர்களே தங்களுக்குத் தெரிந்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். கார்டுகள் அவருடைய காலி மேசையில் ஒரு தட்டில் குவிந்துகொண்டே போயின. அதற்குள் மாநில அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் கோப்புகளைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

எங்கள் தலைமைக் கிராணி யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வெள்ளைச் சட்டையும் ஒழுங்கான வகிடுமாக இருப்பார். யாரையும் அதட்ட மாட்டார், என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டார். அந்தத் தட்டைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தார்.

"பிள்ளை, யார்டுக்குப் போய் மண்டோர்மாரை ஒவ்வொண்டாக் கேளும். முடிஞ்சதுக்கு மட்டும் சியாப் அடியும். மிச்சத்தை எனக்குத் தாரும்."

இதை நான் சொல்ல வேண்டும். அவர் எனக்குச் சரியாகத்தான் சொன்னார். கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டு அடிக்கச் சொன்னார்.

நாற்பது கார்டுகள் இருக்கும். அன்று பியூன் விடுமுறையில் இருந்தான். நான் கார்டுகளை எடுத்துக்கொண்டு பின்படி வரை போனேன். கீழே மூன்று கேங்குகளும் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரம். சிலாப் அடுக்கின் மேல் டிபன் கேரியர்களை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கார்டாக நான் படித்துக் காட்டி, இது முடிந்ததா, அது முடிந்ததா என்று தமிழில் கேட்க வேண்டும். அவர்கள் என்னை உட்காரச் சொல்வார்கள், ஒரு வாய் சாப்பிடச் சொல்வார்கள். மாமா நிச்சயமாகச் சொல்வார். மேல்மாடி ஜன்னல் திறந்திருந்தது. நான் படியில் ஒரு நிமிடம் நின்றேன். திரும்பி மேலே வந்துவிட்டேன்.

எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, மண்டோர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள், இதில் முக்கால்வாசி முடிந்திருக்கும். முடியாதது இருந்தால் மறுபடி வந்து புகார் செய்வார்கள், அப்போது புதுக் கார்டு எழுதிக்கொள்ளலாம். உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சியாப் அடித்தேன். கால் மணி நேரம் ஆனது. தலைமைக் கிராணி, எல்லாமே முடிஞ்சுதோ என்று கேட்டார். முடிந்தது சார் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்.

அந்த அம்மா மூன்றாவது தடவை வந்தார். நான் கார்டை எடுத்துப் பார்த்தேன். சியாப் என்று என் முத்திரையே இருந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு புதுக் கார்டு எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனால் பக்கத்து மேசையில் தலைமைக் கிராணி இருந்தார். எல்லாம் முடிந்தது என்று அவரிடம் சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று இங்கே பதிவாகியிருக்கிறது, நீங்கள் சரியாகப் பார்த்தீர்களா என்று அந்த அம்மாவிடம் மலாயில் கேட்டேன்.

"தினமும் அதைத் தாண்டித்தானே பிள்ள வேலைக்குப் போறேன்" என்றார். பிறகு, நான் கார்டைத் திரும்ப உள்ளே வைப்பதைப் பார்த்துவிட்டு, கைப்பையை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். நாலாவது தடவை அவர் வரவில்லை.

அடுத்த வாரம் மத்தியானத்தில் பெரிய மழை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மத்தியான மழை எப்படிப் பெய்யும் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் சந்தும் லோங்காங்கும் ஒரே தண்ணீராகிவிட்டன. அந்த அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். வழக்கமாக ஒதுங்கி நடக்கிற இடம் அவருக்குத் தெரியும். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்ததாம், ஓரடி தள்ளி நின்று வழி விட்டாராம். அந்த ஓரடிதான். தண்ணீர் அவரை அடுத்த சிலாப்புக்குக் கீழே இழுத்துப் போயிருக்கிறது. சந்திலிருந்த இரண்டு பேர் இறங்கித் தூக்கியிருக்கிறார்கள். உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அந்த லோங்காங்கின் படம் வந்தது. மூன்று முறை புகார் செய்தும் பலனில்லை என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தில்தான் நான் முதன்முறையாக அந்த இடத்தைப் பார்த்தேன். என் மேசையிலிருந்து நடந்தால் இருபது நிமிடம்கூட ஆகாத இடம்.

கழகத்தின் எஞ்சினியர் அந்தக் கார்டைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது கேங், சியாப், என் எழுத்துகள். விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. எஞ்சினியர், தலைமைக் கிராணி, மாமா, நான். மாமாவுக்குப் பேச்சு மலாய் நன்றாக வரும், ஆனால் ஆபீஸ் மலாய் வராது, எழுதப் படிக்கவும் தெரியாது. அதனால் மொழிபெயர்க்க என்னை உட்காரவைத்தார்கள். அவர் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அந்தச் சந்தில் சிலாப் போட்டீர்களா என்று எஞ்சினியர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்த ஆபீஸுக்குள் நான் அவரிடம் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை.

மாமா யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நெனைப்பு இல்லையே பாப்பா" என்றார். பிறகு மேசையில் கிடந்த கார்டைக் காட்டி, "அதுல என்ன போட்டிருக்கு?" என்று என்னையே கேட்டார்.

"சியாப்னு போட்டிருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். சியாப்னுதான் இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப போட்டுத்தான் இருப்பேன்லா. இல்லாமையா எழுதியிருப்பாங்க."

நான் அதை எஞ்சினியருக்கு மலாயில் சொன்னேன். போட்டேன் என்கிறார் என்று சொன்னேன். "இருப்பேன்" என்பதை விட்டுவிட்டேன். அந்த அறையில் எனக்கு வாய் இருந்தது. இரண்டு மொழியிலும் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கேட்காமல் அடித்தது நான்தான் என்று எந்த மொழியிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சிலாப்பைச் சிமெண்ட் பூசிப் பொருத்தாமல் சும்மா வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதனால் நகர்ந்து விழுந்திருக்கிறது என்று எஞ்சினியர் முடிவு செய்தார். மாமாவை மண்டோர் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். வேலை போகவில்லை. ஆனால் அதுவரை லோரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர், மறுநாளிலிருந்து பின்னால் ஏறி மண்வெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனார். காலையில் லோரி வெளியே போகும்போது நான் ஜன்னலை விட்டு விலகிவிடுவேன்.

சில வாரம் கழித்து வீட்டில் சாப்பிடும்போது அப்பா அவரைப் பற்றிப் பேசினார். கடைத்தெருவில் பார்த்தாராம். ஆள் ஒடுங்கிப்போயிருக்கிறான், ஞாபகமெல்லாம் போய்விட்டதாம், தான் செய்த வேலையே நினைவில்லை என்கிறான் என்று அம்மாவிடம் சொன்னார். "பாவம், இந்த வயசுலயே" என்றார் அம்மா. உனக்கு ஆபீஸில் ஏதாவது தெரியுமா என்று அப்பா என்னைக் கேட்டார். தெரியாது, நான் யார்டுப் பக்கம் போவதில்லை என்றேன். அதில் பாதி உண்மை.

ஐந்து மாதம் போனது. ஒரு நாள் காலையில் மாமா கவுண்டருக்கு வந்தார். எனக்கு முன்னால் இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள், அவரும் வரிசையில் நின்றார். முறை வந்ததும், ஒரு கடிதம் டைப் அடித்துக் கொடுக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். சீக்கிரமாக ஓய்வு கேட்டு ஒரு விண்ணப்பம். காரணம் என்ன என்று கேட்டேன்.

"மறதி வந்துருச்சு பாப்பா. அதையே எழுதிரு."

பேப்பரை டைப்ரைட்டரில் செருகினேன். பெறுநர் முகவரி அடித்தேன். அவர் கவுண்டரின் மேல் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். மோட்டார் சைக்கிளை மகனிடம் கொடுத்துவிட்டாராம், ஓட்டும்போது எங்கே போகிறோம் என்று மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாம். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று எல்லாவற்றையும் மனைவியிடம் இரண்டு தடவை கேட்கிறாராம். ஆஸ்பத்திரிக்குப் போனாராம். டாக்டர் நாலு கேள்வி கேட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்றாராம். "டாக்டருக்கு என்னத்தத் தெரியும், ஒரு சிலாப்ப முழுசா மறந்தவன் நான்" என்றார்.

நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன். இன்னொரு பொய்யை என் கையாலேயே, அவருக்கு முன்னாலேயே அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாமா, கொஞ்சம் வாங்க என்று கூட்டிக்கொண்டு பின்படி இறங்கினேன். லோரிகள் வேலைக்குப் போய்விட்டதால் யார்டில் ஆள் இல்லை. சிலாப் அடுக்கின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். படி வரை வந்தது, திரும்பிப் போனது, நாற்பது கார்டு, விசாரணை அறை. அழுதுகொண்டே சொன்னேன். அந்த அழுகையை நினைத்தாலும் எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. அங்கே அழ வேண்டிய ஆள் நான் இல்லை.

நான் முடித்ததும் அவர் கேட்டார்.

"அப்ப அந்தக் கார்டு எங்கிட்ட வரவே இல்லையா?"

"வரவே இல்ல மாமா."

"நான் போடல."

"போடல."

அவர் சிலாப்பின் மேல் உட்கார்ந்தார். அந்த அம்மா விழுந்த மறுநாள் அந்த இடத்தில் சிலாப் போட்டது அவர் கேங்தான். அன்றே பார்த்தாராம். முன்பு சிலாப் பொருத்தியிருந்தால் லோங்காங்கின் விளிம்பில் புதுச் சிமெண்ட் தடம் இருக்க வேண்டும். கொஞ்சமும் இல்லையாம். விரலால் தடவிக்கூடப் பார்த்தாராம்.

"பாத்தும் கார்டைச் சந்தேகப்படல பாப்பா. என்னத்தான் சந்தேகப்பட்டேன். ஏன் தெரியுமா, நீ வாயால சொன்ன. நல்லாப் பாத்தியான்னு கேட்டேன், பாத்தேன்னு சொன்ன. வேற யாராச்சும் சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்."

நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மண்டோர் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அஞ்சு மாசம். சாப்பிட்டேனா இல்லையான்னு பொண்டாட்டியக் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு எழுந்து, "எங்கிட்ட ஏன் சொல்ற, மேல போய்ச் சொல்லு" என்று மாடியைக் காட்டிவிட்டு, ஸ்டோரைக் கடந்து போய்விட்டார்.

மேலே போனேன். டைப்ரைட்டரில் பாதியில் நின்ற விண்ணப்பத்தை உருவிவிட்டு, வேறு பேப்பர் செருகி, நடந்ததை ஒன்றரைப் பக்கத்துக்கு அடித்தேன். தலைமைக் கிராணி அதை நின்றுகொண்டே படித்தார். முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"நான் உம்மைக் கேக்கச் சொன்னனான்தானே? ஏன் போகேல்லை?"

யார்டில் எல்லாரும் என்னைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள், அதனால் போகவில்லை என்று எப்படிச் சொல்வது. ஒரு பெண்ணின் இடுப்பு முறிந்ததற்கும் ஒரு மனிதர் தன் மூளையையே நம்பாமல் போனதற்கும் பின்னால் இருந்தது அவ்வளவு அற்பமான காரணம். பயமாக இருந்தது சார் என்றேன். அதுவும் பொய்தான். பயமில்லை, வெட்கம்.

எஞ்சினியர் படித்தார். இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கவுண்டரிலிருந்து எடுத்துக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். மாமாவை மறுபடி மூன்றாவது கேங்குக்கு மண்டோராகப் போட்டார்கள். ஆனால் அந்த உத்தரவில் பொறுப்பு மாற்றம் என்று மட்டும்தான் இருந்தது. முன்பு நடந்தது அவர் தவறில்லை என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வரியைச் சேர்க்கும்படி கேட்கலாமா என்று தலைமைக் கிராணியிடம் கேட்டேன். சேர்த்தால் அந்த அம்மாவின் குடும்பம் கழகத்தின் மேல் வழக்குப் போடும், பேசாமல் இரும் என்றார். பேசாமல் இருந்தேன். கேங்கில் இருந்தவர்கள் கடைசி வரை, பெரியவர்கள் மனமிரங்கி அவரை மன்னித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள்.

மாமாவிடம் சொன்ன அன்றே சாயங்காலம் அப்பாவிடமும் சொன்னேன். வேறு வாயால் அவருக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அவர் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அதை அணைத்துவிட்டுக் கேட்டார். நான் ஏன் யார்டுக்குப் போகவில்லை என்பதையும் அவரிடம் மட்டும் மறைக்காமல் சொன்னேன். அதுதான் அவரை அதிகம் தாக்கியது என்று நினைக்கிறேன். சொல்லி முடித்ததும் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது அம்மா சோறு போட்டார், சாப்பிட்டார். மாமா வீட்டுக்குப் போயிருந்தார் என்று அம்மா மூலம் மறுநாள் தெரிந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா அதைப் பற்றி என்னிடம் எப்போதும் பேசவில்லை. அந்த வருடம் தீபாவளிக்கு மாமா வரவில்லை. அதற்கடுத்த வருடம் வந்தார், முறுக்கு சாப்பிட்டார், அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.

பிறகு புல் வெட்டுவது, லோங்காங் சுத்தம் செய்வது, சாலை ஒட்டுவது எல்லாவற்றையும் கழகம் குத்தகைக்காரர்களிடம் கொடுக்கத் தொடங்கியது. கேங்குகளைக் கலைத்தார்கள். மாமா ஓய்வு பெற்றார். யார்டு கார் நிறுத்துமிடமாகிவிட்டது. நான் கோப்பு அறையில் ஆறு வருடம் இருந்துவிட்டு, தொண்ணூறுகளில் பதவி உயர்வு பெற்று மறுபடி புகார்ப் பிரிவுக்கே போனேன், இந்தமுறை பொறுப்பாளராக. நேர்முகத் தேர்வில் அந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வேலை செய்த காலம் முழுவதும் ஒரு கார்டையும் நேரில் போய்ப் பார்க்காமல் முடிக்கவில்லை. கிள்ளான் ஆற்றங்கரை, போர்ட் கிள்ளான் போகும் லோரிச் சாலை என்று எல்லா லோங்காங் ஓரத்திலும் நின்றிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னை ரொம்பக் கறாரானவள் என்று சொல்வார்கள். சிலர் பாராட்டாகவும் சொன்னார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போது எனக்கு உடம்பு கூசும்.

மாமாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொன்னேன். ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். இப்படி வரிசையாகச் சொல்லும்போது ஏதோ எல்லாவற்றையும் நேர்செய்துவிட்ட மாதிரி இருக்கிறது. அந்த அம்மாவிடம் நான் போகவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தார். அந்த நாட்களில் என் பஸ் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போகும். பள்ளிக்கூட வேலைக்கு அவரால் திரும்ப முடியவில்லை, படி ஏற முடியாது. ஒருமுறை மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். கைத்தடியோடு, மகள் பிடித்துக்கொண்டு வர, மீன் கடைக்கு முன்னால் நின்றிருந்தார். பத்தடி தூரம் இருக்கும். அவர் என் பக்கம் திரும்பினார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் வெங்காயக் கடைக்குள் புகுந்து பின்வழியாக வெளியே வந்தேன். பிறகு கொஞ்ச நாளில் அவர் மகன் சுங்கை பூலோவில் வீடு வாங்கி அவரை அங்கே அழைத்துப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தில் விசாரித்திருந்தால் முகவரி கிடைத்திருக்கும். ஆபீஸ் வேலையாக அந்தச் சந்துக்கு எத்தனையோ தடவை போனேன், அவர் வீட்டுக்குப் பின்னால் அந்தச் சிலாப்பின் மேலேயே நின்றும் இருக்கிறேன். யாரிடமும் விசாரிக்கவில்லை.